கேள்விப் பெட்டி

பதினெட்டு வருஷமாக நான் ஒரு நாளைக்குக் குறைந்தது இருபது தடவை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'புரிஞ்சுதா?' அதற்குப் பதிலும் ஒன்றுதான். 'புரிஞ்சுது டீச்சர்.' காடாம்புலியூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். பெயர் பொன்னி. அந்தக் கேள்வியும் பதிலும் எனக்குப் பள்ளிக்கூட மணி மாதிரி. அடித்து முடித்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. யோசிக்க வைத்தது 2010-ஆம் வருஷத்துப் புள்ளியியல்.

பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர வேண்டுமானால் பி.எட். வேண்டும். பி.ஏ.வைத் தபாலில் முடித்தவள், பி.எட்.டுக்கும் தபாலிலேயே சேர்ந்தேன். ஒரு தாளைத் தவிர எல்லாம் தேறிவிட்டது. அந்த ஒரு தாளில் பாதிக்குப் பாதி புள்ளியியல். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கவிழ்ந்தேன். என் பதிவுக் காலம் அந்த டிசம்பரோடு முடிகிறது. மூன்றாவது தடவையும் போனால், தேறிய தாள்களும் சேர்ந்தே போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயசில் முதலிலிருந்து ஆரம்பிக்கும் தெம்பு எனக்கு இல்லை. அது எனக்கே நன்றாகத் தெரியும்.

சந்தேகம் இருந்தால் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பார் என் வீட்டுக்காரர் தங்கராசு. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். "வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. உனக்கு வீட்ல மட்டும்தான் வாய் ஜாஸ்தி" என்று கிண்டல் செய்வார். நான் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன். ஆனால் அவர் சொல்வது உண்மை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் வருஷம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நேரடி வகுப்பு நடந்தது. நூற்றிருபது பேர். பாடம் எடுத்தவர் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவியபோது, நான் எழுந்து அது எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க ஸ்கூல்ல டீச்சரா, ஆயாவா?" என்றார். மண்டபமே சிரித்தது. சிரித்த சத்தம் அடங்குவதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். அதன்பிறகு எந்த வகுப்பிலும் என் வாய் திறக்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

அந்த வருஷம் செப்டம்பரில் திருப்பாதிரிப்புலியூர் கோயில் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில் பேனர் கட்டினார்கள். 'வைத்திலிங்கம் டுடோரியல், சிதம்பரம். மெய்நிகர் வகுப்பறை. புள்ளியியலுக்குச் சுருக்கு வழிகள்.' சிதம்பரத்தில் ஆசிரியர் கேமரா முன்னால் பாடம் நடத்துவார். கடலூரில் நாங்கள் திரையில் பார்க்க வேண்டும். பேனரில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நாங்கள் அதை டிவி கிளாஸ் என்றுதான் சொன்னோம். பஸ் ஏறிச் சிதம்பரம் போக வேண்டாம், நேருக்கு நேர் யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது என்று நான் உடனே சேர்ந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு. மொத்தம் இருபத்து மூன்று பேர், எல்லோரும் என்னைப் போலத் தபாலில் பி.எட். எழுதும் வாத்தியார்கள், டீச்சர்கள். முன் வரிசையில் ராமாமிர்தம் சார். ஓர் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். ஓய்வு பெற நாலு வருஷம்தான் பாக்கி. அதற்குள் பெயருக்குப் பின்னால் இன்னொரு பட்டம் போட்டுக்கொள்ள அவருக்கு ஆசை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள சின்னையன் அண்ணன். முன்பு கேபிள் டிவி நடத்தியவர். ஐம்பது வயசிருக்கும். ஒயரைக் கண்டால் மனுஷரை மறந்துவிடுவார்.

சிதம்பரத்து ஆசிரியை எழிலரசி. எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தால் அதிகம். எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயசு. திரையில் அந்தப் பெண் தோன்றியதும் பழக்க தோஷத்தில் நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று, "வணக்கம் மேடம்" என்றோம். எங்கள் குரல் அங்கே போய்ச் சேர இரண்டு வினாடி ஆனது. அதற்குள் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். அந்தப் பெண் காலி வணக்கத்துக்குக் கை கூப்பியது.

முதல் நாள் டுடோரியல் முதலாளி வைத்திலிங்கமே திரையில் வந்து பேசினார். கூச்சப்படாமல் கேளுங்கள், மைக் இருக்கிறது என்றார். மைக்கில் பேசக் கூச்சமாக இருந்தால், திரையின் வலது பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது பாருங்கள், அதுதான் கேள்விப் பெட்டி. உங்கள் சந்தேகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சின்னையனிடம் கொடுத்தால் அவர் அதில் டைப் அடிப்பார், யார் கேட்டது என்று தெரியாது, கடலூர் என்று மட்டும்தான் வரும் என்றார். சின்னையன் அண்ணனிடம், அந்தப் பெட்டியை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் சராசரி. அது ஒன்றும் கஷ்டமில்லை. மூன்றாவது வாரம் திட்ட விலக்கம் ஆரம்பித்தது. ஒரு வகுப்பின் மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று பார்க்கிற கணக்கு. எழிலரசி மேடம் போர்டில் கட்டம் போடுவார். முதல் கட்டத்தில் மார்க்குகள். அடுத்த கட்டத்தில், ஒவ்வொரு மார்க்கும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. பிறகு, "இத இப்படிப் போட்டுக்கறோம், இதக் கூட்டிக்கறோம், இத இங்க எடுத்துட்டு வந்துடறோம்" என்று சாக்பீஸோடு வலது பக்கம் நகர்ந்து போய்விடுவார். சாக்பீஸ் ஓடுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, விடை இவ்வளவு என்பார். எங்கள் கண்ணுக்கு இரண்டு கட்டம்தான் தெரியும். அதற்கு வலது பக்கம் கேள்விப் பெட்டி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, வெள்ளையாகக் காலியாக நிற்கும். அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் போர்டின் மிச்சம் இருந்தது.

இதைக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இருபத்து மூன்று வாத்தியார்கள் உட்கார்ந்திருந்தோம். பாதிப் போர்டு மறைகிறது. ஒருவர் கூடச் சொல்லவில்லை. என் சமாதானம் என்னவென்றால், பேனரில் சுருக்கு வழி என்று போட்டிருக்கிறதே, இதுதான் சுருக்கு வழி போலிருக்கிறது என்பது. புத்தகத்தில் ஒரு சூத்திரம் இருந்தது, ஆங்கிலத்தில், சிக்குக் கோலம் மாதிரி. அது நீட்டு வழி, மேடம் சொல்வது குறுக்கு வழி என்று நானே முடிவு செய்துகொண்டேன். மற்றவர்கள் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் புரிகிறது, எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் இருப்பவரும் என்னைப் பார்த்து அப்படியே நினைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. இருபத்து மூன்று பூம்பூம் மாடுகள்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மேடம், "புரிஞ்சுதா?" என்று கேட்பார். இரண்டு வினாடி கழித்து நாங்கள், "புரிஞ்சுது மேடம்" என்போம். பிறகு ராமாமிர்தம் சார் மைக்கை வாங்குவார். எங்களில் மூத்தவர் அவர்தானே, எல்லோர் சார்பிலும் பேச வேண்டியது அவர் கடமை. "ரொம்பத் தெளிவா இருக்குதும்மா. மேற்கொண்டு நடத்துங்க" என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சாப்பாட்டைப் பாராட்டுவது போல இருக்கும். மேடம் முகம் மலர்ந்துவிடும். அடுத்த கணக்குக்குப் போவார்.

ஐந்தாவது சனிக்கிழமை தேர்வு வைத்தார்கள். திட்ட விலக்கத்தில் ஒரே ஒரு பெரிய கணக்கு. நான் கட்டம் போட்டேன். மார்க், விலகல். அதோடு நின்றேன். விலகல்களைக் கூட்டிப் பார்த்தேன். கூட்டினதும் கழிச்சதும் சரிக்குச் சரியாகப் போய் பூஜ்யம் வந்தது. விடை பூஜ்யம் என்று எழுதி, இரண்டு கோடு போட்டு வைத்தேன். மனசுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் வேறு எழுத ஒன்றும் தெரியவில்லை. விடைத்தாள்களைச் சின்னையன் அண்ணன் கட்டி, சிதம்பரம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

ஆறாவது சனிக்கிழமை எழிலரசி மேடம் திரையில் வந்தபோதே முகம் சரியில்லை. நாங்கள் வணக்கம் சொல்லி உட்கார்ந்தோம். அவர் கை கூப்பவில்லை. மேஜை மேலிருந்த தாள்களை எடுத்துக் காட்டினார். இருபத்து மூன்று தாளிலும் ஒரே இடத்தில் கணக்கு நிற்கிறது, இருபத்து மூன்றிலும் விடை பூஜ்யம், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் இது நடக்குமா என்று கேட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்களே காப்பி அடித்தால் என்ன செய்வது என்றார். முதலாளியிடம் சொல்லிவிட்டதாகவும், அவர் கடலூர் வகுப்பை இத்தோடு நிறுத்திவிடலாம் என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

டிசம்பர் தேர்வுக்கு ஏழு வாரம்தான் இருந்தது. இந்த வகுப்பும் போனால் எனக்குப் புள்ளியியல் சொல்லித் தர இந்த ஜில்லாவில் நாதி கிடையாது.

ராமாமிர்தம் சார் மைக்கைக் கையில் எடுத்தார். அப்பாடா, பெரியவர் விஷயத்தைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்புதாம்மா. எல்லார் சார்பாவும் நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். இனிமே இந்த மாதிரி நடக்காம பாத்துக்கறோம்" என்றார்.

அடிக்காத காப்பிக்கு மன்னிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பதினெட்டு வருஷத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூடப் பார்த்து எழுத விட்டதில்லை நான். என் தாளைப் பார்த்து யாரும் எழுதவில்லை, யாருடையதையும் பார்த்து நானும் எழுதவில்லை. மேடத்தின் மனம் நோகக் கூடாது என்று அந்த மனுஷர் எங்கள் அத்தனை பேரையும் திருடராக்கிவிட்டார். நோட்டின் ஓரத்தைக் கிழித்தேன்.

அப்படியும் எனக்குப் பயம் போகவில்லை பாருங்கள். என் எழுத்தை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று இடது கையால் எழுதினேன். 'காப்பி அடிக்கவில்லை. போர்டின் வலது பக்கம் எங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.' கோழி கிளறிய மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்ச் சின்னையன் அண்ணன் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அண்ணன் அதை எடுத்துப் படித்தார். ஒருமுறை திரையைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் டைப் அடிக்க ஆரம்பித்தார். தமிழ் அடிக்கத் தெரியாததால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார். ஆறு வாரமாகக் காலியாக இருந்த வெள்ளைப் பெட்டியில், ஒவ்வோர் எழுத்தாக வர ஆரம்பித்தது. அறையில் எல்லோரும் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கீழே பாத்திரக்கடையில் யாரோ அண்டாவை உருட்டும் சத்தம் கேட்டது.

சிதம்பரத்தில் மேடம் படித்துவிட்டு, யார் எழுதியது, என்ன தெரியவில்லை என்று கேட்டார். ராமாமிர்தம் சார் திரும்பி எங்களை ஒரு சுற்று முறைத்தார். மைக் அவர் கையில்தான் இருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. படம் நல்லாத் தெரியுது. யாரோ வெளையாட்டுக்கு எழுதியிருக்காங்க" என்றார்.

சீட்டு எழுதியது வீணாய்ப் போயிற்று. இனி வாயைத் திறந்தால்தான் உண்டு. மண்டபத்தில் நூற்றிருபது பேர் சிரித்தது காதில் கேட்டது. இப்போதும் உட்கார்ந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு மனம் சொன்னது. உட்கார்ந்தால் டிசம்பரில் என்ன ஆகும் என்று இன்னொரு மனம் சொன்னது. நான் எப்போது எழுந்தேன், எப்போது முன் வரிசைக்குப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. ராமாமிர்தம் சார் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், அந்த மைக்க இப்படிக் குடுங்க" என்றேன்.

அவர் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் பிடுங்கியிருப்பேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"மேடம், என் பேரு பொன்னி. அத எழுதுனது நான்தான். நாங்க யாரும் காப்பி அடிக்கல. நீங்க போர்டுல மூணாவதா ஒரு கட்டம் போடறீங்களா? அத நாங்க இன்னி வரைக்கும் பாத்ததே இல்ல. இந்தக் கேள்விப் பெட்டி அதுக்கு மேல உக்காந்திருக்கு."

இரண்டு வினாடி. என் குரல் கடலூரைத் தாண்டிச் சிதம்பரம் போய்ச் சேர வேண்டும். சிரிப்புச் சத்தம் வரப் போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. எழிலரசி மேடத்தின் முகம்தான் மெல்ல மாறியது. போர்டைத் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"எத்தன வாரமா?"

"மொத நாள்லேருந்து."

சின்னையன் அண்ணன் அதற்குள் அந்தப் பெட்டியைப் பிடித்து இழுத்துத் திரையின் அடியில் கொண்டுபோய் வைத்திருந்தார். போர்டின் வலது பக்கம் முழுசாகத் தெரிந்தது. போன வாரத் தேர்வுக் கணக்கை மேடம் முழுசாகப் போட்டு வைத்திருந்தார். மூன்றாவது கட்டத்தில், ஒவ்வொரு விலகலையும் அதாலேயே பெருக்கி வர்க்கமாக எழுதியிருந்தது. வர்க்கமானதால் கழித்தல் குறியெல்லாம் காணாமல் போயிருந்தது. கூட்டினால் பூஜ்யம் வராது. அதன் கீழே கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம், விடை. எல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறது. அறை முழுக்க 'அட' என்று ஒரு சத்தம் எழுந்தது.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா மொத நாளே நகத்தியிருப்பேனே" என்றார் சின்னையன் அண்ணன், சாதாரணமாக.

ஒருவர் பின் ஒருவராகப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் தெரியவில்லை, நான் உட்காரும் இடம்தான் சரியில்லை என்று நினைத்தேன் என்றார் ஒருவர். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன் என்றார் இன்னொருவர். கடைசியில் ராமாமிர்தம் சார் என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். "எனக்கும்தாம்மா தெரியல. மத்தவங்களுக்குத் தெரியுதேன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். முகம் சுண்டைக்காயாகச் சிறுத்துப் போயிருந்தது. எனக்கு அவர் மேலிருந்த கோபம் அப்போதே போய்விட்டது. அவர் செய்ததை நானும்தான் ஆறு வாரம் செய்துகொண்டிருந்தேன்.

எழிலரசி மேடம் இருபத்து மூன்று தாளையும் அடுக்கி ஓரமாக வைத்தார். காப்பி என்று சொன்னதற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். முதலாளியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு, அன்றிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தைக்குத் தடை போட்டார். அந்த வார்த்தை 'புரிஞ்சுது.' தானும் அந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை என்றார். அதற்குப் பதிலாக மைக் வரிசையாகக் கைமாற வேண்டும். யார் கையில் இருக்கிறதோ அவர் அடுத்த வரி என்ன என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, அதே தப்பைப் போர்டில் எழுதி எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்றார். முதல் தப்பைச் சொன்னவள் நான். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அந்த வகுப்பு வேறு வகுப்பாக ஆனது. திரைக்கு அடியில் போன பெட்டி நிரம்பி வழிந்தது. அண்ணன் ஒற்றை விரலோடு திண்டாடினார். பெயர் போட வேண்டாம் என்றாலும், எல்லோரும் வாத்தியார்கள், எழுத்தைப் பார்த்தால் தெரியாதா. ஒரு மத்தியானம் மட்டும் பதினோரு சீட்டு ஒரே கையெழுத்தில் வந்தது. அழகான, கொம்பு சுழித்த பழைய காலத்து எழுத்து. ராமாமிர்தம் சார் முன் வரிசையில் ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். நான் சீட்டு எழுதவில்லை. மைக் என் முறைக்கு வருவதற்கு முன்பே கையை நீட்டி வாங்க ஆரம்பித்திருந்தேன். வீட்டில் தங்கராசு மாமாவிடம் சொன்னபோது, மைக்கை வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதே என்றார்.

டிசம்பர் தேர்வு சிதம்பரத்தில். முடிந்ததும் கீழ வீதியில் டுடோரியலைத் தேடிப் போனேன். எழிலரசி மேடத்தை நேரில் பார்த்தது அன்றுதான். திரையில் பெரிதாகத் தெரிந்த பெண், நேரில் என் தோளுக்குத்தான் இருந்தார். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா அப்பா வயசில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கும்போது பாடம் நடத்த எவ்வளவு பயந்தேன் தெரியுமா என்று கேட்டார்.

"புரிஞ்சுதான்னு கேட்டதெல்லாம் உங்களுக்காக இல்லக்கா. நீங்க ஆமான்னு சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும். அதுக்காகத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

மேடமாக இருந்தவர் அக்கா என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அவர் சொன்னது மட்டும் பஸ்ஸில் ஊர் வரும் வரைக்கும் மனசை விட்டுப் போகவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்ததும், காலியான சாக்பீஸ் டப்பா ஒன்றின் மேல் ஓட்டை போட்டு என் மேஜையில் வைத்தேன். சந்தேகம் இருந்தால் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம் என்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளிடமும் சொன்னேன். ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. பரவாயில்லை, என் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சந்தேகமே இல்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மார்ச்சில் முடிவு வந்தது. ஐம்பத்து நான்கு. தேறிவிட்டேன். ராமாமிர்தம் சார் எழுபத்தொன்று. போனில் அவர் பேசியதைக் கேட்க வேண்டுமே, பட்டமளிப்பு விழாவுக்குக் கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டாராம். என் வீட்டில் மாமா லட்டு வாங்கிவந்தார். அஞ்சு வருஷம் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தேன். முந்திரி சீசன். காலையில் பழம் பொறுக்கிவிட்டு வந்த கைகள் எல்லாம் கறைபட்டிருந்தன. கேள்வி கேட்பது எவ்வளவு முக்கியம் என்று அரை மணி நேரம் பேசினேன். என் கதையையே சொன்னேன். மைக்கை வாங்கிய இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். பிறகு போர்டில் ஒரு பின்னக் கணக்கை எழுதி முடித்து, பதினெட்டு வருஷப் பழக்கம், வாய் தானாகவே, "புரிஞ்சுதா?" என்றது.

"புரிஞ்சுது டீச்சர்."

சாக்பீஸ் எடுக்க மேஜைக்குப் போனபோதுதான் டப்பாவைப் பார்த்தேன். ஓட்டையில் ஒரு சீட்டின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பிரித்தேன். ஓரத்தில் முந்திரிக் கறை. கோழி கிளறிய எழுத்து. இடது கையால் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

'டீச்சர் நீங்க போர்டுக்கு முன்னாடியே நிக்கிறீங்க. இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல.'

இரண்டு தடவை படித்தேன். போர்டைத் திரும்பிப் பார்த்தேன். வலது கையால் எழுதி முடித்து, எழுதியதற்கு முன்னாலேயே நின்று பேசுவது என் வழக்கம். இந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் நிற்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, வெள்ளைப் பெட்டியாக நானே நின்றிருக்கிறேன். எத்தனை பிள்ளைகள், எத்தனை கணக்குகள் என்று நினைத்துப் பார்த்தேன். தேறிய சந்தோஷமெல்லாம் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

பழையபடி அதே இடத்தில் போய் நின்றேன். குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு, "நான் இங்க நின்னா மறைக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர்" என்றார்கள், முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில்.

இரண்டு அடி தள்ளி, ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். முப்பத்தெட்டுத் தலையும் ஒன்றாகக் குனிந்து, நான் நின்ற இடத்தில் எழுதியிருந்ததை நோட்டில் எழுத ஆரம்பித்தன.